சிறப்புப் பயிர் பிளாக் கிராண்ட்: அமெரிக்காவில் காய்கறி, பழம், மூலிகை பயிரிடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் காய்கறியோ பழமோ பூவோ பயிரிடுகிற ஒருவர் அரசு மானியம் கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கினால், சுற்றிச் சுற்றி இந்தப் பெயரில் வந்து நிற்பார்: சிறப்புப் பயிர் பிளாக் கிராண்ட். கேட்டதுமே ஆசை வரும். மத்திய அரசு விதிப்படி கையிலிருந்து பங்குத்தொகை போட வேண்டாம், திருப்பித் தர வேண்டாம், மூன்று ஆண்டு வரை திட்டத்தை நடத்தலாம். ஆனால் விண்ணப்பங்கள் அடிபடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். இந்தப் பணம் பண்ணைக்கு இல்லை, பயிருக்கு. 'என் தோட்டத்துக்கு வேலி போட வேண்டும்' என்று கேட்டால் கிடைக்காது. 'எங்கள் பகுதியில் பாகற்காய் பயிரிடும் எல்லோருக்கும் இந்த முறை பயன்படுமா என்று சோதித்துச் சொல்கிறோம்' என்று கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பதுதான்.

பணம் வரும் வழி

2004இல் வந்த சிறப்புப் பயிர் போட்டித்திறன் சட்டம்தான் அடிப்படை. தொடக்கத்தில் தொகை சிறியது. 2008ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டம்தான் இதை ஆண்டுதோறும் கட்டாயமாக ஒதுக்கும் நிதியாக மாற்றியது. 2018 நிதியாண்டு முதல் ஆண்டுக்கு 8.5 கோடி டாலர். 2025இல் நிறைவேறிய சட்டம் 2026 நிதியாண்டு முதல் அதை 10 கோடி டாலராக உயர்த்தியது.

அமெரிக்க வேளாண் துறையின் கீழ் உள்ள வேளாண் சந்தைப்படுத்தல் சேவை (ஏஎம்எஸ்) இந்தப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்துத் தருகிறது. 50 மாநிலங்களோடு வாஷிங்டன் டி.சி., போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற ஆட்சிப்பகுதிகளுக்கும் பங்குண்டு. அடிப்படைத் தொகை போக மீதியை, அந்தந்த மாநிலத்தில் சிறப்புப் பயிர்கள் விளையும் மதிப்பையும் பரப்பையும் கணக்கிட்டுப் பகிர்கிறார்கள். அதனால்தான் கலிஃபோர்னியாவுக்குப் பெரும்பங்கு போகிறது.

நீங்கள் ஏஎம்எஸ்ஸிடம் நேரே விண்ணப்பிக்க முடியாது. மாநில வேளாண் துறை ஒரு போட்டி நடத்தும். அதில் தேர்வாகும் திட்டங்களைத் தொகுத்து மாநிலம் தன் பெயரில் ஏஎம்எஸ்ஸுக்கு அனுப்பும். உங்களோடு ஒப்பந்தம் போடுவதும் பணம் தருவதும் கணக்குக் கேட்பதும் மாநிலம்தான். ஆகவே மத்திய அரசின் விதிகளைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். யார் விண்ணப்பிக்கலாம், குறைந்தபட்சத் தொகை, உச்சவரம்பு, கெடு நாள், முன்வரைவு வேண்டுமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் முதலில் சுருக்கமான கருத்துரு, அது தேறினால் முழு விண்ணப்பம் என்று இரண்டு கட்டமாக நடத்துகிறார்கள். வேறு பல மாநிலங்களில் ஒரே சுற்று.

உங்கள் பயிர் பட்டியலில் இருக்கிறதா?

பழங்கள், காய்கறிகள், கொட்டை வகைகள், உலர்பழங்கள், தோட்டக்கலைப் பயிர்கள், பூக்கள் உள்ளிட்ட நாற்றங்கால் பயிர்கள்: சட்டம் சொல்லும் வரையறை இது. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. அந்தச் செடி பயிரிடப்பட்டதாகவோ பராமரிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். உணவுக்கோ மருந்துக்கோ அழகுக்கோ மக்கள் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும்.

தமிழ்ச் சமையலறையிலிருந்து பார்த்தால் பட்டியலில் சில ஆச்சரியங்கள் உண்டு. கத்தரி, வெண்டை, மிளகாய், மா, கொய்யா, பப்பாளி, தேங்காய், இஞ்சி, மஞ்சள், வெந்தயம், கொத்தமல்லி எல்லாம் தகுதி உள்ளவை. பருப்பு வகைகளில் பயறு, பட்டாணி, கொண்டைக்கடலை ஆகியவை சேரும். காப்பி, தேயிலை, தேன், காளான், கிறிஸ்துமஸ் மரம்கூட உண்டு. ஆனால் நிலக்கடலை கிடையாது. நெல், கோதுமை, சிறுதானியம், சோளம், கரும்பு, சோயா, பருத்தி, புகையிலை, சூரியகாந்தி, வைக்கோல், பால், முட்டை, மீன் எதுவும் கிடையாது. மக்காச்சோளத்தில் ஸ்வீட் கார்ன் காய்கறியாகக் கணக்காகும். வயல் மக்காச்சோளம் ஆகாது.

ஊறுகாய், தொக்கு, ஜாம் போன்ற பதப்படுத்திய பொருள்களுக்குத் தனி அளவுகோல்: சேர்த்த தண்ணீரைக் கழித்த பிறகு, எடையில் பாதிக்கு மேல் சிறப்புப் பயிராக இருக்க வேண்டும். மாங்காய்த் தொக்கு எளிதாகத் தேறும். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். செய்முறையை கிராம் கணக்கில் எழுதி, சதவீதத்தைக் கணக்கிட்டு விண்ணப்பத்தில் காட்டிவிடுங்கள்.

உங்கள் பயிர் பட்டியலில் தென்படவில்லை என்றால் அனுமானத்தில் எழுதாதீர்கள். பட்டியலில் எல்லாப் பயிரும் பெயர் சொல்லி இடம்பெறவில்லை என்பதை ஏஎம்எஸ்ஸே ஒப்புக்கொள்கிறது. மாநில அலுவலருக்குப் பயிரின் தாவரவியல் பெயரோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாசல்கள்

முதல் வாசலில் நிற்கும் சொல் 'மட்டும்'. சிறப்புப் பயிர்களின் போட்டித்திறனை உயர்த்த மட்டுமே ஒவ்வொரு டாலரும் செலவாக வேண்டும் என்கிறது சட்டம். உழவர் சந்தைக்கு விளம்பரம் செய்கிறீர்கள். அங்கே முட்டையும் இறைச்சியும் ரொட்டியும் விற்கிறது என்றால் முழுச் செலவையும் மானியத்தில் எழுத முடியாது. கடைகளில் முக்கால் பங்கு காய்கறி, பழக் கடைகள் என்றால் முக்கால் பங்குச் செலவு மானியத்தில், மீதிக் கால்பங்கு வேறு பணத்தில் என்று பிரித்துக் காட்ட வேண்டும். அந்தப் பிரிப்பு எப்படி வந்தது, வேறு பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் சொல்லியாக வேண்டும். இதைவிடச் சுலபமான வழி, திட்டத்தையே சிறப்புப் பயிர்களுக்குள் அடக்கிவிடுவது. 'மாநிலத்தின் விளைபொருள்களை விளம்பரப்படுத்துதல்' என்றால் சிக்கல். 'மாநிலத்தின் காய்கறி, பழங்களை விளம்பரப்படுத்துதல்' என்றால் சிக்கல் இல்லை.

இரண்டாவது வாசல்: ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனமோ பொருளோ தனிநபரோ பயனடைய வேண்டும். ஒரு கம்பெனி தன் விற்பனையைக் கூட்ட ஆலோசகர் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரே விவசாயி தன் நிலத்தில் ஹை டனல் என்னும் பாலித்தீன் கூடாரம் அமைத்துத் தக்காளி, கீரைப் பருவத்தை நீட்டிக் காட்டி, பிற சிறு விவசாயிகளை அழைத்து வயல்விழா நடத்தி அந்த முறையைக் கற்றுக்கொடுத்தால் அது ஏற்கப்படும். ஏஎம்எஸ் தன் அறிவிப்பிலேயே தரும் எடுத்துக்காட்டு இது. நிலமும் கூடாரமும் ஒருவருடையதே. கற்ற பாடம் வெளியே போகிறதா என்பதுதான் கேள்வி. கடைசிப் பத்தியில் ஒட்டவைத்த ஒரு வயல்விழா இதற்குப் போதாது. எத்தனை பேருக்கு, எந்த வழியாக, எந்த மாதத்தில் என்று வேலைத்திட்டத்திலும் பட்ஜெட்டிலும் அது தெரிய வேண்டும்.

உண்மையில் உங்களுக்கு வேண்டியது உங்கள் பண்ணைக்கான கூடாரம் மட்டும்தான் என்றால் இந்த மானியத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை நடத்தும் 'ஈக்விப்' திட்டத்தில் ஹை டனலுக்குத் தனி உதவி உண்டு. உங்கள் கவுன்டி அலுவலகத்தில் கேட்கலாம். சொந்த விளைச்சலைப் பொடியாகவோ ஊறுகாயாகவோ மாற்றி விற்பதற்கு அதே துறையின் ஊரக வளர்ச்சிப் பிரிவு தரும் மதிப்புக்கூட்டு உற்பத்தியாளர் மானியம் பொருத்தம். அதில் மானியத்துக்குச் சமமான தொகையை நீங்களும் போட வேண்டும்.

எப்போது தொடங்குவது

பல மாநிலங்களில் போட்டி இலையுதிர்காலத்துக்கும் பிப்ரவரிக்கும் இடையில் திறந்து மூடிவிடும். மாநிலங்கள் ஏஎம்எஸ்ஸுக்கு அனுப்புவது வழக்கமாக வசந்த காலத்தில். நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30க்குள் ஒதுக்கீடு முடிவாகும். அதாவது, கருத்து தோன்றிய நாளிலிருந்து கையில் ஒப்பந்தம் வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். இந்தக் கோடையில் நட வேண்டிய பயிருக்கு இந்தக் குளிர்காலத்தில் விண்ணப்பித்துப் பயனில்லை.

கோடையிலேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. முதலாவது யுஇஐ என்னும் 12 எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறியீடு. மத்திய அரசின் பதிவுத் தளமான சாம் டாட் கவ்-இல் (sam.gov) இலவசமாகக் கிடைக்கும். மாநிலத்தின் வழியாகத் துணை மானியம் பெறும் அமைப்புக்கு இந்தக் குறியீடு போதும், முழுப் பதிவு தேவையில்லை என்பதே பொது விதி. ஆனாலும் மாநிலம் கேட்டால் முழுப் பதிவும் செய்ய வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். தாமதம் நேர்வது பெரும்பாலும் பெயரால். அமைப்பின் பெயர் வருமான வரி ஆவணத்தில் ஒரு மாதிரியும் மாநிலப் பதிவில் வேறு மாதிரியும் இருந்தால் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கும். 'இன்க்.' என்ற ஒரு சொல் விடுபட்டாலும் போதும். இதற்குப் பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்கள் எதுவும் அரசுடையவை அல்ல.

இரண்டாவது, மாநிலத்தின் முன்னுரிமைப் பட்டியல். எந்த வகைத் திட்டங்களுக்கு அந்த ஆண்டு மதிப்பெண் கூடுதல் என்பதை மாநிலம் வெளியிடும். அதை முடிவு செய்யுமுன் விவசாயிகளிடம் கருத்துக் கேட்பார்கள். அந்தக் கூட்டங்களுக்கு ஆப்பிள் சங்கமும் திராட்சைச் சங்கமும் தவறாமல் ஆள் அனுப்பும். பாகற்காயும் புடலங்காயும் பயிரிடுவோர் அனுப்புவதில்லை. ஒருமுறை போய்ப் பேசுவதற்கும் எழுத்தில் கருத்துத் தருவதற்கும் செலவே இல்லை.

மூன்றாவது, கூட்டாளி. நிலமானியப் பல்கலைக்கழகத்தின் (மாநிலத்தில் வேளாண் ஆய்வும் பயிற்சியும் நடத்தும் பல்கலைக்கழகம்) விரிவாக்கப் பணியாளர், அதாவது விவசாயிகளுக்கு நேரில் ஆலோசனை சொல்பவர், ஒருவர் உடனிருந்தால் சோதனை வடிவமைப்பும் தரவும் நம்பும்படி இருக்கும். கிழக்குக் கரையில் ரட்கர்ஸ், மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகங்கள் புலம்பெயர் சமூகங்கள் விரும்பும் காய்கறிகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆய்ந்திருக்கின்றன. கெடு நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் கூப்பிட்டால் நடக்காது. அவர்களுடைய பட்ஜெட்டுக்குப் பல்கலைக்கழக மானிய அலுவலகம் கையெழுத்திட வேண்டும். அதற்கென்று தனிக் கெடு உண்டு.

விண்ணப்பத்தை எழுதுவது

மாநிலங்களின் படிவங்கள் பார்க்க வேறுபட்டாலும் உள்ளே ஏஎம்எஸ்ஸின் திட்டக் குறிப்புப் படிவம்தான் இருக்கும். தலைப்பு 15 சொல்லுக்குள். சுருக்கம் 250 சொல்லுக்குள். அதில் அமைப்பின் பெயர், எந்தப் பிரச்சினை, என்ன செய்யப் போகிறீர்கள், யாருக்குப் போய்ச் சேரும் என்ற நான்கும் வந்துவிட வேண்டும். மதிப்பிடுவோர் ஒரே மூச்சில் நிறைய விண்ணப்பங்கள் படிப்பவர்கள். சுருக்கத்திலேயே பயிரின் பெயர் வராத விண்ணப்பத்தை நல்ல மனநிலையோடு அவர்கள் தொடர்வதில்லை.

அடுத்து வருவது 'தேவை'. பெரும்பாலோர் இங்கே பயிரின் பெருமையை எழுதுகிறார்கள்: பாகற்காய் சர்க்கரை நோய்க்கு நல்லது, முருங்கையில் இரும்புச்சத்து அதிகம் என்று. அது 'தேவை' ஆகாது. பயிரிடுவோருக்கு என்ன இடைஞ்சல், அதனால் என்ன இழப்பு, ஏன் இப்போது என்று எழுதுங்கள். நியூ ஜெர்சி போன்ற குளிர்ப் பகுதியில் பாகற்காயை எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்தோல் தடிப்பு, மண் சூடேறாமல் முளைக்காது, கடைசி உறைபனி போன பிறகே நட முடியும், செப்டம்பர் இறுதியில் குளிர் தொடங்கிவிடும். அறுவடைப் பருவம் சுருங்குகிறது. மற்ற மாதங்களில் கடைக்காரர் இறக்குமதிக் காயை வாங்குகிறார். கூடாரத்துக்குள் வைத்தால் பருவம் நீளும். ஆனால் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருப்பதால் தேனீ உள்ளே வராவிட்டால் காய் பிடிக்காது. எந்த வாரம் பக்கத் திரையைத் தூக்குவது, தேனீப் பெட்டி வைப்பதா, கையால் மகரந்தம் சேர்த்தால் கூலி கட்டுமா என்பதற்கு அப்பகுதி அளவில் சோதித்த தரவு வேண்டும். இப்படி எழுதினால் இது ஆராய்ச்சிக்குரிய கேள்வி என்றும், விடை கிடைத்தால் பலருக்குப் பயன் என்றும் படிப்பவருக்குத் தானே புரியும்.

இன்னொரு வகைத் தேவைக்குக் கறிவேப்பிலை நல்ல எடுத்துக்காட்டு. சிட்ரஸ் மரங்களை அழிக்கும் கிரீனிங் நோயைப் பரப்பும் ஆசிய சிட்ரஸ் சைலிட் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வளரும். அந்தப் பூச்சி ஃபுளோரிடாவில் 1998இலும் கலிஃபோர்னியாவில் 2008இலும் கண்டறியப்பட்டது; நோய் முறையே 2005இலும் 2012இலும். அதனால் கறிவேப்பிலைச் செடியையும் பச்சை இலையையும் தனிமைப்படுத்தல் எல்லை தாண்டி எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு உண்டு. கறிவேப்பிலை வளர்ப்போருக்கும் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் தமிழ், தெலுங்கு, குஜராத்தி மொழிகளில் இதைச் சொல்லிக்கொடுக்கும் திட்டம், சிட்ரஸ் விவசாயிகளின் ஆதரவுக் கடிதத்தையும் பெற்றுத் தரக்கூடியது. சிறிய பயிரைப் பெரிய பயிரின் கவலையோடு இணைப்பது புத்திசாலித்தனம்.

ஆதரவைப் பற்றிய கேள்வியில் ஒரு நுணுக்கம் உண்டு: விண்ணப்பிப்பவரும் திட்டத்தில் பங்கேற்பவர்களும் அல்லாத, வெளியிலுள்ள சிறப்புப் பயிர்த் துறையினர் யார் ஆதரிக்கிறார்கள், ஏன் என்று கேட்பார்கள். சங்கத் தலைவரின் மைத்துனர் தரும் கடிதம் உதவாது. மொத்த வியாபாரி ஒருவர், 'வாரத்துக்கு இத்தனை பெட்டி உள்ளூர்க் காய் கிடைத்தால் வாங்குவேன்' என்று இரண்டு வரி எழுதித் தந்தால் அது பத்துப் பாராட்டுக் கடிதத்துக்குச் சமம். ஒரே வாசகத்தைப் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி இணைத்தால் உள்ள மரியாதையும் போய்விடும்.

இதே வேலைக்கு வேறு அரசு மானியம் வாங்கியிருந்தால் அதையும் எழுத வேண்டும். மறைத்துப் பின்னால் தெரியவந்தால் இரட்டை நிதி என்று பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். சொல்லிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. எந்தப் பகுதிக்கு எந்தப் பணம் என்று கோடு போட்டுக் காட்டினால் போதும்.

பலனை எப்படி அளப்பது

ஏஎம்எஸ் ஏழு பலன்களை வரையறுத்திருக்கிறது: நுகர்வையும் வாங்குதலையும் கூட்டுவது, கிடைப்பதை எளிதாக்கி உற்பத்தியையும் விநியோகத்தையும் விரிப்பது, உணவு கெடாமல் தூய்மையாக இருக்கச் செய்யும் உணவுப் பாதுகாப்பு, பூச்சிகளையும் நோய்களையும் கட்டுப்படுத்துவது, புதிய விதை ரகங்களும் பயிர்களும், ஆராய்ச்சியும் மேம்பாடும், சுற்றுச்சூழல் நிலைத்தன்மை. இவற்றில் குறைந்தது ஒன்றையும் அதன்கீழ் குறைந்தது ஒரு அளவீட்டையும் தேர்ந்தெடுத்து, எண்ணாகச் சொல்ல வேண்டும்.

நாலைந்தைத் தேர்ந்தெடுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். எழுதியது ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு தரவு சேகரிக்க வேண்டியவர் நீங்கள்தான். ஒன்று அல்லது இரண்டு போதும்.

எண்ணைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். நான்கு வயல்விழா, ஒவ்வொன்றுக்கும் 30 பேர் என்றால் 120 தலைகள். ஆனால் அதில் சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட விழாவுக்கு வருவார்கள். பெயர்ப்பட்டியலில் ஒருமுறைதான் எண்ண முடியும். 90 தனித்த நபர்கள் என்று வையுங்கள். அவர்களில் விவசாயிகள் 60. அறிவு பெற்றதாகச் சொல்வோர் 50, அடுத்த பருவத்தில் உண்மையில் செய்து பார்ப்போர் 12 என்று எழுதினால் நம்பலாம். '500 விவசாயிகள் பின்பற்றுவார்கள்' என்று எழுதினால், அந்த மாநிலத்தில் அந்தப் பயிரை வைத்திருப்போரே அவ்வளவு பேர் இல்லை என்பது மதிப்பிடுவோருக்குத் தெரியும்.

அடிக்கடி சறுக்கும் இடம் தொடக்க நிலைத் தரவு. 'விற்பனை 20 சதவீதம் கூடும்' என்று எழுதிவிட்டு, திட்டம் தொடங்கும் முன் விற்பனை எவ்வளவு என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். இரண்டாம் ஆண்டு அறிக்கையில் இது வெளிப்படும்போது சரிசெய்ய வழியில்லை. விண்ணப்பிக்கும் முன்பே ஒரு பக்கக் கேள்வித்தாளை உறுப்பினர்களிடம் கொடுத்து, போன பருவத்தின் பரப்பு, விளைச்சல் பெட்டி, விலை மூன்றையும் வாங்கிவிடுங்கள். அடுத்த சறுக்கல் கருத்துக்கணிப்பு. விழா முடிந்து வீட்டுக்குப் போனபின் மின்னஞ்சலில் அனுப்பும் படிவத்துக்குப் பதில் வருவது அரிது. சாப்பாட்டுக்கு முன், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே காகிதத்தில் வாங்குங்கள். அடுத்த பருவத் தொடர்கணிப்பைத் தொலைபேசியில் செய்யத் திட்டத்திலேயே ஆள்நேரம் ஒதுக்குங்கள்.

பட்ஜெட்

கற்பனையாக ஒரு சங்கத்தின் இரண்டாண்டுத் திட்டத்தைப் போட்டுப் பார்ப்போம். உறுப்பினர்களிடம் ஏற்கெனவே கூடாரங்கள் உள்ளன. அவற்றில் பாகற்காய்ச் சோதனை.

ஒருங்கிணைப்பாளர்: ஆண்டுச் சம்பளம் 60,000 டாலர், நேரத்தில் 20 சதவீதம், இரண்டு ஆண்டு: 24,000
பணியாளர் சலுகைகள், 25 சதவீதம்: 6,000
பயணம்: 1,500 மைல், மைலுக்கு 70 சென்ட்: 1,050
பொருள்கள் (விதை, பந்தல் வலை, சொட்டுநீர்க் குழாய், வெப்பநிலைப் பதிவுக் கருவி): 4,600
ஒப்பந்தம்: பல்கலைக்கழகத்தின் சோதனை வடிவமைப்பு, தரவு ஆய்வு, 300 மணி, மணிக்கு 50 டாலர்: 15,000
நான்கு வயல்விழா, ஒவ்வொன்றுக்கும் 600: 2,400
கையேடு 500 பிரதி, பிரதிக்கு 6 டாலர்: 3,000

நேரடிச் செலவு மொத்தம் 56,050 டாலர். அலுவலக வாடகை, மின்சாரம், பொது நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்கு உச்சவரம்பு 8 சதவீதம். இங்கேதான் ஒரு பொடிச் சிக்கல். நேரடிச் செலவின் மேல் 8 சதவீதம் என்றால் 4,484 டாலர், மொத்தம் 60,534. மொத்த மானியத்தில் 8 சதவீதம் என்றால் 56,050ஐ 0.92ஆல் வகுக்க வேண்டும். மொத்தம் 60,924, மறைமுகச் செலவு 4,874. உங்கள் மாநிலம் எதைக் கேட்கிறது என்று அறிவிப்பில் பாருங்கள். தவறாகப் போட்டால் திட்டம் நிராகரிக்கப்படாமல் போகலாம். ஆனால் திருத்தம் கேட்டு அலைக்கழிப்பார்கள். பல்கலைக்கழகங்கள் வழக்கமாக இதைவிட மிக உயர்ந்த விகிதம் கேட்பவை. இந்த மானியத்தில் 8தான் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் கணக்கு முறை தெரிய வேண்டும். 'இதரச் செலவு 5,000' என்று எழுதினால் போயிற்று. 'எதிர்பாராச் செலவு' என்ற வரியே கூடாது. ஆலோசகரின் மணிக்கூலி அந்தப் பகுதிக்கான மத்திய அரசு ஊதிய அட்டவணையின் ஜிஎஸ்-15, படி 10 சம்பளத்தைத் தாண்டினால் காரணம் காட்ட வேண்டும். தனித்தனியாக விலை உயர்ந்த கருவிகள் 'உபகரணம்' என்ற தலைப்புக்குப் போகும். நீண்டகாலமாக 5,000 டாலராக இருந்த அந்த எல்லை, 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய மானிய விதித் திருத்தத்தில் 10,000 ஆனது. மாநிலம் பழைய எல்லையையே வைத்திருக்கலாம்.

எழுதவே கூடாதவை சில: நிலம் வாங்குவது, கட்டடம் கட்டுவது, அரசியல் செல்வாக்குத் தேடும் செலவு, கேளிக்கை, நன்கொடை, பரிசுப் பொருள்கள். திட்டத்தின் பெயர் அச்சடித்த தொப்பியும் பேனாவும் பலரும் ஆசைப்பட்டு எழுதுவது; அதுவும் ஆகாது. விண்ணப்பம் எழுதித் தந்தவருக்கான கூலியையும் இதில் சேர்க்க எண்ணாதீர்கள். சாப்பாட்டுச் செலவு மாட்டிக்கொள்ளும் வரி. பயிற்சி இடைவேளை இல்லாமல் தொடர, உணவு அங்கேயே தேவை என்று நியாயப்படுத்த முடிந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரைச் செலவேற்கச் சொல்லுங்கள்.

தேர்வுக்குப் பிறகு

மாநிலக் குழு தேர்ந்தெடுத்தாலும் ஏஎம்எஸ் ஒவ்வொரு திட்டத்தையும் மறுபடி பார்க்கும். கோடையில் மாநில அலுவலரிடமிருந்து கேள்வி வரும். பதிலுக்குச் சில நாள் கெடுதான் இருக்கும். அந்த மாதங்களில் மின்னஞ்சல் பார்க்க ஒருவர் இருக்க வேண்டும். இந்தியா போகிறவர் தொடர்பு நபராக இருந்தால் இன்னொருவரின் முகவரியையும் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, அதில் சொன்ன தொடக்க நாள் வரும்வரை ஒரு டாலரும் செலவழிக்காதீர்கள். 'தேர்வாகிவிட்டது' என்ற கடிதத்தை நம்பி முன்கூட்டியே வாங்கிய விதைக்குப் பணம் வராது.

பெரும்பாலான மாநிலங்களில் முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும். ரசீதோடு கோரினால் பின்னர் திருப்பித் தருவார்கள். சிறிய சங்கங்கள் மூச்சுத் திணறுவது இங்கேதான். மேலே போட்ட திட்டத்தில் மாதச் செலவு சராசரியாக 2,500 டாலர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோரிக்கை, பிறகு பரிசீலனை என்றால் நான்கைந்து மாதச் செலவை, அதாவது 10,000 முதல் 12,500 டாலரை, கையிலிருந்து போடும் வலு வேண்டும். முன்பணம் தரும் வழி உண்டா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால், கோரிக்கையை மாதாமாதம் அனுப்ப அனுமதி கேளுங்கள்.

கணக்கில் அதிகம் சிக்குவது சம்பளம். 20 சதவீதம் என்று பட்ஜெட்டில் எழுதியதால் மாதாமாதம் 20 சதவீதம் கோர முடியாது. உண்மையில் உழைத்த மணியை நேரப்பதிவேட்டில் அன்றாடம் குறித்து, மேலாளர் கையெழுத்தோடு வைக்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் உட்கார்ந்து எழுதிய பதிவேட்டைத் தணிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். தீபாவளி விடுமுறையிலும் எட்டு மணி நேரம் வேலை என்று அதில் இருக்கும். ஒப்பந்த வேலையைச் சங்க நிர்வாகியின் சொந்தக் கம்பெனிக்குக் கொடுப்பது நலன் முரண்பாடு. வேறு ஆளே இல்லை என்றால் மாநிலத்திடம் எழுதிக் கேட்டு, விலைப்புள்ளிகளைக் கோப்பில் வைத்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கலாம்.

திட்டத்தின் நோக்கம், முக்கியப் பொறுப்பாளர், கணிசமான பட்ஜெட் மாற்றம் எதுவானாலும் செய்வதற்கு முன் அனுமதி. ஆலங்கட்டி மழையில் பந்தல் விழுந்தால், பயிற்சியை வேறு பண்ணைக்கு மாற்றினால், உடனே தெரிவியுங்கள். விளைச்சல் பொய்த்ததற்காக யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. சொல்லாமல் மாற்றியதற்குக் கேட்பார்கள்.

சோதனையில் விளைந்த காயை விற்றால் அந்த வருமானம் திட்ட வருமானம். அதைக் கணக்கில் காட்டி, திட்டத்துக்குள்ளேயே சிறப்புப் பயிர்களுக்காகச் செலவிட வேண்டும். கையேடு, பதாகை, காணொளி எல்லாவற்றிலும் அமெரிக்க வேளாண் துறையின் ஏஎம்எஸ் நிதி உதவியைக் குறிப்பிடும் வாசகம் வர வேண்டும். அச்சுக்குப் போகுமுன் ஒப்பந்தத்தில் உள்ள வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டுங்கள்.

ஒவ்வோர் ஆண்டு முடிந்தபின் மாநிலம் 90 நாளுக்குள் செயல்பாட்டு அறிக்கையை ஏஎம்எஸ்ஸுக்குத் தர வேண்டும். திட்டம் முடிந்தபின் இறுதி அறிக்கைக்கு 120 நாள். உங்களிடம் மாநிலம் கேட்கும் கெடு இதைவிட முந்தியதாக இருக்கும். 30 அல்லது 45 நாள் என்று எண்ணி வேலையை அமைத்துக்கொள்ளுங்கள். ரசீது, நேரப்பதிவேடு, வருகைப் பட்டியல், கேள்வித்தாள் அனைத்தும் இறுதி நிதி அறிக்கைக்குப் பின் குறைந்தது மூன்று ஆண்டு இருக்க வேண்டும். சங்கத்துப் பொருளாளர் மாறும்போது அவர் வீட்டுக் கணினியோடு கோப்புகளும் போய்விடுவது வழக்கம். ஆகவே சங்கத்தின் பெயரிலேயே ஒரு இணையச் சேமிப்புக் கணக்கு திறந்து, மாதக் கோரிக்கை அனுப்பும் அன்றே அந்த மாதத்து ரசீதுகளை அதில் ஏற்றிவிடுங்கள்.